மாட்டுக் கொட்டகையில் பாம்புச் சட்டை கிடந்தால் என்ன செய்வது?

சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கறவை மாடு வளர்க்கும் விவசாயி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம்.

"சார், மாட்டுக் கொட்டகையில முழுசா ஒரு பாம்புச் சட்டை கிடக்குது. ஆறு அடிக்குக் குறையாது. தீவனத் தொட்டிக்கும் வைக்கோல் போருக்கும் நடுவுல. வீட்டுல பொம்பளைங்க யாரும் பால் கறக்க உள்ளே போக மாட்டேங்கறாங்க. போரையே கொளுத்திடலாமானு பார்க்கறேன்."

அந்தப் போர் அவருடைய இரண்டு ஏக்கர் வைக்கோல். ஆடி வரைக்கும் நான்கு மாடுகளுக்கு அதுதான் தீவனம். கொளுத்தினால் கொட்டகையும் சேர்ந்து போகும் அபாயம் வேறு.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். சட்டை ஈரமாக, மெத்தென்று இருக்கிறதா, காய்ந்து சலசலக்கிறதா? அதன் வால் முனை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது? கொட்டகையில் எலி வளை இருக்கிறதா? முதல் இரண்டு கேள்விகளுக்குப் போய்ப் பார்த்துப் பதில் சொன்னார். மூன்றாவதற்குப் பார்க்காமலே சொன்னார்: "எலிக்கு என்ன சார் குறைச்சல்!"

இந்த மூன்று கேள்விகளையும் ஏன் கேட்டேன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. பயிற்சிக்குப் போகும் ஊர்களில் எல்லாம் பாம்பைப் பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. பாம்பு சட்டை உரிப்பதைப் பற்றி நம்மிடம் இருக்கும் கதைகள் அதிகம், தெரிந்த விஷயம் குறைவு. அந்தச் சமயத்தில் பாம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருந்தால், அனாவசியமான பயமும் குறையும், ஆபத்தான தைரியமும் குறையும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

சட்டை உரிப்பது ஏன்?

நம் தோலும் உரிகிறது. தினமும் கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்வதால் நாம் கவனிப்பதில்லை. தலையில் பொடுகாக வரும்போதுதான் தெரிகிறது. பாம்பின் மேல்தோல் வேறு மாதிரி. நம் நகமும் மாட்டின் கொம்பும் எதனால் ஆனவையோ அதே கெரட்டின் என்ற பொருளால் ஆனது அதன் வெளி அடுக்கு. அது உயிரற்ற அடுக்கு, வளராது. உள்ளே உடம்பு வளரும்போது பழைய அடுக்கைக் கழற்றிப் போட்டால்தான் இடம் கிடைக்கும். தேய்ந்துபோன செதில், சிறு காயம், செதிலுக்கு இடையில் ஒட்டியிருக்கும் உண்ணி இவையும் சட்டையோடு கழன்று போகும்.

வளரும் குட்டி அடிக்கடி உரிக்கும். நன்றாக இரை கிடைத்தால் மாதம் ஒரு முறைகூட உரிக்கலாம். வளர்ந்த பாம்பு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை உரிக்கும். வயதாகிவிட்டது, இனி வேண்டாம் என்று பாம்பு நிறுத்துவதில்லை. சாகும்வரை உரிக்கும். உரித்தால் இளமை திரும்பும் என்பதும், உரிக்க உரிக்க விஷம் ஏறும் என்பதும் கதைதான். விஷம் இருப்பது கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில். தோலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

உரிப்பதற்கு முந்தைய பத்து நாள்

சட்டை கழல்வது சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முடிந்துவிடும். ஆனால் அதற்கான ஏற்பாடு ஒன்று முதல் இரண்டு வாரம் நடக்கிறது. விவசாயிகள் கவனிக்க வேண்டியது இந்த நாட்களைத்தான்.

முதலில் உடம்பின் நிறம் மங்கும். பளபளப்பாக இருந்த பாம்பு சாம்பல் பூசியது போலத் தெரியும். பிறகு பழைய தோலுக்கும் அடியில் உருவாகும் புதுத் தோலுக்கும் இடையில் ஒரு திரவம் சேரும். இது கண்ணிலும் நடக்கும். பாம்புக்கு இமை கிடையாது. இமைக்குப் பதிலாகக் கண்ணின் மேல் ஒரு கண்ணாடிச் செதில் நிரந்தரமாக மூடியிருக்கிறது. அந்தச் செதிலும் தோலின் பகுதிதான், அதுவும் ஒவ்வொரு முறையும் உரியும். அதற்கடியிலும் திரவம் சேர்வதால் கண் பால் கலந்த நீல நிறமாகிவிடும். கண்புரை விழுந்தது போல இருக்கும். இந்த நிலையில் பாம்புக்குப் பார்வை பெருமளவு மங்கிவிடும். சில நாள் இப்படி இருந்து, மறுபடி கண் தெளியும். கண் தெளிந்து இரண்டு மூன்று நாளில் சட்டை கழலும்.

கண் மங்கியிருக்கும் நாட்களில் பாம்பு பெரும்பாலும் இரை எடுக்காது. வெளியே வராது. ஈரமும் இருட்டும் உள்ள ஓர் இடத்தில் முடங்கிக் கிடக்கும். ஈரம் இல்லாவிட்டால் சட்டை ஒரே துண்டாகக் கழலாது, பிய்ந்து பிய்ந்து வரும். அதிலும் வால் நுனியில் பழைய தோல் வளையமாக ஒட்டிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைபட்டு நுனியே அழுகும். கண்ணின் மேல் உள்ள செதில் கழலாமல் தங்கிவிட்டால் அடுத்த முறை வரை பார்வை சரியாக இருக்காது. அதனால்தான் கோடையில் ஈரமான இடத்தைப் பாம்பு தேடிப் போகிறது.

நம் பண்ணையில் கோடையிலும் ஈரம் இருக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். வைக்கோல் போரின் அடிப்பகுதி. மோட்டார் கொட்டகைக்குள் தண்ணீர் கசியும் மூலை. வாழைக் கட்டைக்குக் கீழே. சொட்டுநீர்க் குழாய் ஓடும் மூடாக்கு. கரும்புச் சோகை. எருக்குழி ஓரம். மாட்டுத் தொட்டியின் அடி. எல்லாமே நாம் குனிந்து கையை விடும் இடங்கள்.

ஓடாத பாம்பு சாதுவான பாம்பு அல்ல

சாதாரண நாளில் மனிதன் நடந்து வரும் அதிர்வு தரையில் தெரிந்தாலே பாம்பு நகர்ந்துவிடும். நாம் பார்த்த பாம்புகளைவிட நம்மைப் பார்த்து ஒதுங்கிப் போன பாம்புகள்தான் அதிகம். சட்டை உரிக்கும் நாட்களில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. கண் தெரியாத பாம்பு எந்தப் பக்கம் ஓடுவது என்று அறியாமல் அப்படியே கிடக்கும். நாக்கை நீட்டி வாசனை பிடிக்கும், அதிர்வை உணரும். ஆனால் வருவது மாடா மனிதனா, எவ்வளவு பக்கத்தில் என்பது அதற்குத் தெளிவாகத் தெரியாது. ஆகவே நெருங்கி வரும் எதையும் எதிரியாக நினைத்துச் சீறும், சீறாமலேயும் கொத்தும்.

நிலக்கடலை சாகுபடி செய்யும் எனக்குத் தெரிந்த ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல். வரப்போரம் குவித்த கடலைக் கொடிக்கு அடியில் ஒரு பாம்பு அசையாமல் கிடப்பதைப் பார்த்தார். நிறம் மங்கி, கண் வெள்ளையாக இருந்ததால் நோயில் சாகக் கிடக்கிறது என்று நினைத்து, இரண்டு அடிக் குச்சியால் தள்ளிவிடப் பார்த்தார். கண்ணாடி விரியன். புறங்கையில் கடித்துவிட்டது. கையில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதலில் பக்கத்து ஊரில் மந்திரிப்பவரிடம் போனார். அங்கே இரண்டு மணி நேரம் போயிற்று. பிறகுதான் மருத்துவமனை. உயிர் தப்பினார். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மூன்று வாரம் டயாலிசிஸ், கட்டிய இடத்தில் ஆறாத புண். அந்த ஆண்டுக் கடலையை அவர் மனைவியும் மகனும்தான் பிடுங்கினார்கள். "கண்ணு தெரியாத பாம்புதானேனு நினைச்சேன் சார்" என்றார். கண் தெரியாததுதான் காரணம் என்று அவரிடம் அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண் மங்கிய, அசையாத பாம்பைப் பார்த்தால் இரண்டு ஆள் நீளமாவது தள்ளி நில்லுங்கள். குச்சி, மண்வெட்டி, தண்ணீர் எதையும் வீசாதீர்கள். நாய், கோழி, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அந்த இடத்தில் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலையை முடிந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். சட்டை கழன்றவுடன் பாம்பு பசியோடு இரை தேடிக் கிளம்பிவிடும். வீட்டுக்குள்ளோ, தள்ளிப்போட முடியாத இடத்திலோ இருந்தால் தீயணைப்பு மீட்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். பாம்பு பிடிக்க வருபவர்கள் வரும்வரை ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கிடக்கும் சட்டை என்ன சொல்கிறது?

இனி அந்த மூன்று கேள்விகளுக்கு வருகிறேன்.

பாம்பு முகவாயைக் கல், செங்கல், சுள்ளி போன்ற சொரசொரப்பான எதிலாவது தேய்த்து உதட்டோரத் தோலைக் கிளப்பும். பிறகு அந்தத் தோல் எதிலாவது மாட்டிக்கொள்ள, முன்னோக்கி ஊர்ந்து வெளியே வரும். வியர்வையில் நனைந்த பனியனைத் தலை வழியாகக் கழற்றினால் உள்பக்கம் வெளியே வருகிறதல்லவா, அது போலத்தான். நாம் பார்க்கும் சட்டை உள்வெளியாகத் திரும்பியது. தலைப்பக்கம் மாட்டிக்கொண்ட இடத்திலேயே நிற்கும். வால்பக்கம் கடைசியாகக் கழன்று, பாம்பு போன திசையில் கிடக்கும். பெரும்பாலானவர்கள் சட்டையின் தலை இருக்கும் பக்கம்தான் பாம்பு போயிருக்கிறது என்று நினைத்து அங்கே தேடுகிறார்கள். நேர் எதிர்ப்பக்கம்தான் போயிருக்கும். காற்றோ, கோழியோ, நாயோ சட்டையை இழுத்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

புதிதாகக் கழன்ற சட்டை ஈரமாக, மெத்தென்று, இழுத்தால் நீளும்படி இருக்கும். கோடை வெயிலில் சில மணி நேரத்தில் காய்ந்து தாள் போல ஆகிவிடும். ஈரமாக இருந்தால் பாம்பு பக்கத்தில் இருக்க வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்து, தூசி படிந்து, தொட்டால் நொறுங்கினால் அது பழைய கதை. பல மாதத்துக்கு முன் உரித்ததாகவும் இருக்கலாம். உரித்த இடத்துக்கே பாம்பு திரும்பி வந்து காவல் காக்கும் என்று சொல்வது தவறு. சட்டையால் அதற்கு எந்த உபயோகமும் இல்லை. ஆனால் எலியும் ஒதுங்க ஈரமான பொந்தும் அங்கேயே இருந்தால் அந்தப் பாம்போ வேறு பாம்போ வரத்தான் செய்யும்.

நீளத்தை வைத்துப் பயப்பட வேண்டாம். செதில்களுக்கு இடையே மடிந்திருக்கும் தோலும் சட்டையில் விரிந்துவிடுவதால், சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாக இருக்கும். ஆறடிச் சட்டைக்குச் சொந்தமான பாம்பு ஐந்து, ஐந்தரை அடிதான் இருக்கும்.

என்ன பாம்பு என்று கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்குத்தான். நிறம் பெரும்பாலும் உடம்பிலேயே தங்கிவிடும், சட்டையில் மங்கலான அடையாளம் மட்டும் தெரியும். தலைப்பகுதியில் பெரிய தட்டுகளாகச் செதில் இருந்தால் விரியன்களில் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ அல்ல. அவை இரண்டுக்கும் தலையில் சின்னச் சின்னச் செதில்கள், முதுகுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடான கோடு. விரலால் தடவினால் சொரசொரக்கும். கட்டு விரியன் பெயரில் விரியன் என்றாலும் அந்தக் குடும்பம் இல்லை. அதன் தலையிலும் பெரிய தட்டுகள்தான் இருக்கும். முதுகின் நடுவே ஒரே வரிசை மட்டும் பெரிய அறுகோணச் செதில்களாக, தேன்கூட்டின் அறை போல இருந்தால் கட்டு விரியனாக இருக்கலாம். கொம்பேறி மூக்கனுக்கும் நடு வரிசை கொஞ்சம் பெரிதாக இருப்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நல்ல பாம்பின் சட்டையில் படம் விரிந்திருக்கும் என்று தேடினால் ஏமாந்து போவீர்கள். அதன் சட்டைக்கும் சாரையின் சட்டைக்கும் வித்தியாசம் காண்பதற்குப் பழகிய கண் வேண்டும். சட்டையைப் பார்த்து "சாரைதான், ஒன்றும் செய்யாது" என்று முடிவு கட்டிக் கையை விடுவதைவிட, எதுவென்று தெரியாது என்று நினைத்து எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில் இரண்டு மூன்று மெல்லிய சட்டைகள் ஒரே இடத்தில் கிடந்தால் அதைக் கட்டாயம் கவனியுங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிகள் முதல் ஓரிரு வாரத்திலேயே முதல் சட்டையை உரித்துவிடும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் முட்டை இடாமல் நேராகக் குட்டி போடும். அவையும் அப்படித்தான் உரிக்கும். கண்ணாடி விரியன் ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகூடப் போடும். நச்சுப்பாம்பின் குட்டிக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. மண்புழுப் பாம்பு என்று எண்ணிக் கையால் எடுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

சட்டை கலந்த வைக்கோலை மாடு தின்றால் விஷம் ஏறுமா என்று பலர் கேட்கிறார்கள். ஏறாது. நகத்துண்டில் இருப்பதுதான் அதிலும் இருக்கிறது. ஆனாலும் ஊர்வனவற்றின் தோலில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் குச்சியால் எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பணப்பெட்டியில் வைத்தால் செல்வம் சேரும், புகை போட்டால் நோய் தீரும் என்பவற்றுக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

எலிக்காக ஒரு பாம்பு வளர்க்கலாமா?

பயிற்சி முடிந்ததும் இளைஞர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கைப்பேசியில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பால் பைத்தான், சோளப் பாம்பு போன்ற விஷமில்லாத இனங்களை வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். சட்டை உரிக்கும் நாட்களில் அவற்றைக் கையில் எடுக்க மாட்டார்கள், இரை கொடுக்க மாட்டார்கள், ஈரப் பாசி நிரப்பிய ஒரு சிறு பெட்டியை ஒதுங்க வைப்பார்கள். கழன்ற சட்டையைப் பிரித்து இரண்டு கண் செதில்களும் வால் நுனியும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். வளர்ப்புப் பாம்பே அந்த நாட்களில் வளர்த்தவரைக் கடிக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

நம் நாட்டில் வழி வேறு. சாரை ஆகட்டும், நல்ல பாம்பு ஆகட்டும், நம் காட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், பெட்டியில் அடைத்த சாரை உங்கள் வயலில் எலி பிடிக்காது. திறந்த வயலில் இருக்கும் சாரைதான் பிடிக்கும். வரப்பில் உள்ள எலி வளைக்குள்ளேயே புகுந்து குஞ்சோடு தின்றுவிடும். நாம் வைக்கும் எந்தப் பொறியாலும் அது முடியாது. வைகாசியில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, சாரையும் நாகமும் இணைகின்றன என்று வேட்டி போர்த்தும் வழக்கம் உண்டு. அவை இரண்டுமே ஆண் சாரைகள். பெண்ணுக்காகச் சண்டை போடுகின்றன. சாரை வேறு, நல்ல பாம்பு வேறு, இரண்டும் இணை சேராது.

ஆகவே சாரைக்கு வயலை விடுங்கள். கொட்டகையை விட வேண்டாம். கொட்டகையில் அது நுழைவதற்கு ஒரே காரணம் எலி. எலி இல்லாவிட்டால் நல்ல பாம்பும் வராது. பாச்சா உருண்டை, பூண்டுக் கரைசல், பினாயில் இவற்றை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். நம்பகமான பலன் கிடையாது. வளைகளைச் சிமென்ட்டும் உடைந்த கண்ணாடித் துண்டும் கலந்து அடையுங்கள். தவிடு, பிண்ணாக்கு மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள். வைக்கோல் போரைத் தரையோடு போடாமல், கல் நட்டுப் பரண் அமைத்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் போட்டால் அடியில் ஈரமும் தங்காது, எலியும் குடியிருக்காது, கீழே என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். வயலில் தஞ்சாவூர் கிட்டி வைப்பது, ஆந்தை வந்து உட்கார 'டி' வடிவக் குச்சி நடுவது இரண்டும் செலவு குறைந்த நல்ல முறைகள்.

இன்னொன்று. மயிலுக்கும் பன்றிக்கும் பயந்து வயலைச் சுற்றி நைலான் வலை கட்டுகிறோம். வலையின் அடிப்பகுதி தரையில் தொங்கினால் பாம்பு சிக்கிக்கொள்ளும். சிக்கிய பாம்பை விடுவிக்கப் போய்க் கடிபட்டவர்கள் உண்டு. அடி விளிம்பைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக் கட்டுங்கள். பன்றிக்காகத் தரைவரை கட்டியே ஆக வேண்டும் என்றால் தினமும் காலையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

கடித்துவிட்டால்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர். பெரும்பாலானவர்கள் கிராமத்தவர்கள். நேரத்தோடு மருத்துவமனை சேர்ந்திருந்தால் இவர்களில் மிகப் பலர் பிழைத்திருப்பார்கள்.

கடிபட்டவரை உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். வீக்கம் வரும் என்பதால் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசை உடனே கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல ஒரு பட்டையை வைத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, கடிபட்ட கை காலை அசையாமல் வையுங்கள். கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. 108-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவருக்கும் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கிளம்பிவிடுங்கள். பாம்பை அடித்துக் கொண்டு போக வேண்டியதில்லை. தேடி அலையும் நேரத்தில் விஷம் ஏறும், இரண்டாவது ஆளும் கடிபடுவார். தூரத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான். மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்துக் கொடுப்பார். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். விஷத்தை எடுத்தபின் பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கட்டு விரியனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் அது அதிகம் கடிக்கிறது. வலி இருக்காது, கடித்த தடமும் சரியாகத் தெரியாது. தூங்கி எழுந்தவருக்குக் காரணமில்லாமல் வயிற்று வலி, கண் இமை கீழே இறங்குதல், பேச்சுக் குழறல் இருந்தால் வாயுக் கோளாறு என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். களத்து மேட்டிலும் மோட்டார் கொட்டகையிலும் காவலுக்குப் படுப்பவர்கள் கட்டிலில் படுத்து, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டால் இதில் பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும்.

அந்தக் கொட்டகை என்ன ஆயிற்று?

தொலைபேசியில் அழைத்தவருடைய கொட்டகையில் கிடந்த சட்டை காய்ந்திருந்தது. வால் முனை வெளியே, வேலிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பாம்பு உரித்துவிட்டு வயலுக்குப் போய் நாளாகியிருக்க வேண்டும். வெயில் ஏறியபின் இரண்டு பேர் நீளக் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே உள்ளே போய், மாடுகளை வெளியே கட்டிவிட்டு, வைக்கோலைக் கையால் இழுக்காமல் கொக்கியால் மேலிருந்து பிரித்து வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னேன். மாலையில் அவரே அழைத்தார். பாம்பு இல்லை. போரின் அடியில் மூன்று எலி வளை, ஒன்றில் குஞ்சுகள். தொட்டிக்குக் கீழே செங்கல் பெயர்ந்து கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து, உள்ளே தொட்டித் தண்ணீர் கசிந்து எப்போதும் ஈரம். கொத்தனாரை வரச் சொல்லியிருப்பதாகவும், பெண்கள் பால் கறக்க உள்ளே போய்விட்டதாகவும் சொன்னார்.

சட்டையை என்ன செய்வது என்று கேட்டார். குச்சியால் எடுத்து எருக்குழியில் போடச் சொன்னேன், மட்கிவிடும். அடுத்த முறை போர் போடும்போது கல் நட்டுத்தான் போடப்போகிறேன் என்றார். கல்லுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டதற்கு, நீங்கள் குனிந்து பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும், அவ்வளவு உயரம் என்றேன்.